பெண்டு எடுப்பதற்கு முன்

பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கி, முதன்முதலாகக் கையில் கிரீஸ் படுகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாற்பது வருடமாகச் சென்னையில் பட்டறை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் என் வாசலுக்கு வளைந்த சக்கரங்கள் வந்து சேரும். எல்லாம் தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளத்தில் இறங்கியவை. இன்றைய கார் என்றால் புதுச் சக்கரம் வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடலாம். ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அப்படி முடியாது. 1961இல் இதே மதராஸில் கட்டத் தொடங்கிய வண்டி அது. கட்டிய கம்பெனி எண்பதுகளின் முடிவிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. வண்டியோடு பிறந்த சக்கரம் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்துதான். அதில் ஒன்று கோணினால் என்ன செய்வது என்பதை ஹெரால்டை வைத்தே சொல்கிறேன். இரும்புச் சக்கரத்தில் ஓடும் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் முறை இதேதான்.

1. பள்ளத்தில் விழுந்த இடத்திலேயே எதையும் அடித்துச் சரிசெய்யாதே. ரோட்டோரப் பஞ்சர் கடையில் அவசரமாகச் சம்மட்டியால் நான்கு போடு போட்டு நிமிர்த்திக் கொடுத்த ரிம்கள்தான் என்னிடம் வருவதிலேயே மோசமானவை. பள்ளம் ஒரு இடத்தில்தான் வளைத்திருக்கும். சம்மட்டி நாலு இடத்தில் வளைத்திருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர். கழற்றிய சக்கரத்தின் டயரை வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கமும் தடவிப் பார். பக்கச்சுவரில் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் திரும்ப ஓடக்கூடாது, ரிம் நன்றாக இருந்தாலும்.

2. கோணியிருப்பது சக்கரம்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள். ஸ்டியரிங் உதறுகிறது என்றதும் ரிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். 70 கிலோமீட்டரைத் தொட்டதும் மட்டும் உதறி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பேலன்சிங்கைச் சந்தேகப்படு. 20, 30 வேகத்திலேயே வண்டி நொண்டினால் ரிம்மோ டயரோ கோணல். இது என் கைப்பழக்கத்தில் வந்த கணக்கு, பெரும்பாலும் பொய்த்ததில்லை.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போகவேண்டும். கிரீஸ் உள்ளே எட்டாது; எட்டாத இடத்தில் மரை தேய்ந்து ஒருநாள் முறிந்தால் சக்கரம் மடங்கி விழும். ரிம்மைப் பற்றிச் சொல்லவந்தவனுக்கு இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. இன்று மாலையே போய்ப் பார்.

பின்பக்கத்தில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஹெரால்டின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் இரண்டு சக்கரமும் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கி நிற்கும். வளைந்துவிட்டது என்று பயப்படாதே. அது ஸ்விங் ஆக்சிலின் இயல்பு. கீழே இறக்கி இரண்டு அடி உருட்டினால் நேராகிவிடும்.

அடுத்து, சக்கரத்தின் எந்த இடம் வெளியே தள்ளுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடு. அதற்கு நேராக ஹப்பிலும் ஒரு கோடு. நான்கு நட்டையும் கழற்றி, சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடி மாட்டிச் சுற்றிப் பார். தள்ளும் இடம் சக்கரத்தின் கோட்டோடு வந்தால் சக்கரம் கோணல். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் ஹப் கோணல், அல்லது இரண்டுக்கும் நடுவில் துருச் செதில் மாட்டியிருக்கிறது. ஒரு சின்னத் துருச் செதிலுக்காக நல்ல ரிம் அடிவாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகத்தையும் அதைத் தொடும் சக்கரத்தின் முதுகையும் தேய்த்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்.

3. அளந்து பார். கண்ணை நம்பாதே. டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கனமான மரக்கட்டையில் கம்பி ஒன்றை அடித்து, அதன் முனை ரிம்மை உரசியும் உரசாமலும் நிற்கும்படி வை. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்று. கம்பிக்கும் ரிம்முக்கும் உள்ள சந்து எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று ஃபீலர் கேஜைச் செருகிப் பார். இதை இரண்டு விதமாகச் செய்யவேண்டும்: ஒன்று பக்கவாட்டுக் கோட்டம், இன்னொன்று மேலும் கீழும் ஏறி இறங்கும் கோட்டம். டயரைக் கழற்றிவிட்டு, டயரின் விளிம்பு உட்காரும் படியில்தான் அளக்கவேண்டும். வெளி ஓரத்தில் அளந்தால் பழைய சொட்டை ஒவ்வொன்றும் உன்னைக் குழப்பும்.

உள்பக்க ஓரத்தை மறக்காதே. பள்ளத்தில் முதலில் அடிவாங்குவது பலநேரம் அதுதான், நின்று பார்க்கிறவன் கண்ணுக்கும் அது படாது. ஹெரால்டுக்காரர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. அந்த வண்டியின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்னால் சாயும். சாய்த்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் உள் ஓரம் மேலிருந்தே தெரியும்.

என் பட்டறைக் கணக்கு இது: 1 மில்லிமீட்டருக்குள் கோட்டம் என்றால் தொடமாட்டேன், பேலன்ஸ் செய்து ஓட்டச் சொல்வேன். 2ஐத் தாண்டினால் பெண்டு எடுத்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் முன்சக்கரத்துக்கு வேண்டாம் என்பேன்.

4. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைவிட எங்கே வளைந்திருக்கிறது என்பது முக்கியம். நான் சொல்லவந்ததே இதுதான், மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது. இரும்புச் சக்கரம் பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டு துண்டு. டயரைத் தாங்குகிற வளையம் ஒன்று, அதுதான் ரிம். நடுவில் நட்டு பிடிக்கும் தட்டு ஒன்று, அது டிஸ்க். இரண்டையும் ரிவெட்டோ வெல்டிங்கோ சேர்த்துப் பிடிக்கிறது. ரிம்மின் ஓரம் நெளிந்திருந்தால் காப்பாற்றலாம். தயங்காமல் முயற்சி செய். டிஸ்க் வளைந்திருந்தாலோ, ரிம்மும் டிஸ்க்கும் சேரும் இடம் விலகியிருந்தாலோ அந்தச் சக்கரம் ரோட்டுக்கு ஆகாது. எத்தனை வருடச் சக்கரம், யார் வைத்திருந்த வண்டி என்பது எதுவும் இந்தத் தீர்ப்பை மாற்றாது. வண்டியின் முழு எடையையும், பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கையும், வளைவில் வரும் பக்கத்தள்ளலையும் அந்தத் தட்டுதான் சுமக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. ஏற்கனவே ஒருமுறை மடங்கிய இரும்பு அந்த வேலையை எத்தனை நாள் செய்யும் என்று யாராலும் சொல்லமுடியாது.

5. மண்ணெண்ணெய் சோதனை செய்து கீறல் பார்க்காமல் எந்தச் சக்கரத்தையும் பெண்டு எடுக்கக் கொடுக்காதே. கடையில் இதற்கென்றே சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என்று ஸ்ப்ரே டப்பாக்களாகவே விற்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் என் குருநாதர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மண்ணெண்ணெய் முறை. பெயிண்டையும் துருவையும் சுரண்டி இரும்பைத் தெரியவிடு. நட்டு ஓட்டைகளைச் சுற்றி, காற்று போகும் துவாரங்களின் ஓரத்தில், வால்வு ஓட்டையருகில், ரிவெட் வரிசையில், வெல்டிங் கோட்டில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய்விடு. திரும்பி வந்து ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடு. பிறகு சாக்பீஸ் தூளைக் குழைத்து மெலிதாகப் பூசிக் காயவிடு. இரும்பு முழுசாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். கீறல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளையின் நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு எழும். முதலில் அரை விரற்கடை. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு பக்கமும் நீளும். நட்டு ஓட்டையிலிருந்து கிளம்பி அடுத்த ஓட்டையைப் பார்த்துப் போகும் கோட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தவன், பிறகு எந்தச் சக்கரத்தையும் சந்தேகமில்லாமல் மாட்டமாட்டான்.

நட்டு ஓட்டைகளையும் அப்போதே பார்த்துவிடு. வட்டமாக இருக்கவேண்டியது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் யாரோ நட்டு தளர்ந்த நிலையில் வெகுதூரம் ஓட்டியிருக்கிறார்கள். அதுவும் கழிக்கவேண்டிய சக்கரம்தான்.

6. கீறல் விட்ட சக்கரத்துக்கு வெல்டிங் போடாதே. யார் போட்டுத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதே.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தனியாகப் பட்டறை போட்ட புதிது. ஃபியட் ஒன்றின் முன்சக்கர டிஸ்கில் விரல்நீளக் கீறல். புதுச் சக்கரத்துக்குக் காசில்லை என்றார் வண்டிக்காரர். அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நானே வெல்டிங் போட்டேன். அழகாக கிரைண்டிங் செய்து, பெயிண்ட் அடித்து, போட்ட இடம் தெரியாமல் கொடுத்தேன். நான்கு மாதம் ஓடியது. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனவர்கள் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தில் போய் நின்றார்கள். ஹப்பில் நட்டுகள் நான்கும் இறுக்கமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே டிஸ்கின் நடுத்துண்டு மட்டும் இருந்தது. மீதிச் சக்கரம் வயலில் கிடந்தது. என் வெல்டிங் விடவில்லை. அதன் ஓரமாக, சூடு பட்டு வெளுத்துப்போன இரும்பு கிழிந்திருந்தது. ஓட்டியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துண்டை இன்றும் என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்கு முதல் நாளே அதை எடுத்துக் கையில் கொடுப்பேன்.

7. ரிம்மின் ஓரம் மட்டும்தான் வளைந்திருக்கிறது, கீறல் இல்லை என்று தெரிந்துவிட்டால், இனி பெண்டு எடுக்கலாம். இரண்டு வழி உண்டு. ரிம்மைச் சுழலவிட்டு உருளைகளாலும் ஹைட்ராலிக் தண்டாலும் நிமிர்த்தும் மெஷின் உள்ள கடைக்குப் போவது உத்தமம். அங்கே போனாலும் பக்கத்தில் நில். காஸ் டார்ச்சைக் கையில் எடுத்தால் தடுத்துவிடு. சிவக்கக் காய்ச்சி அடித்தால் சுலபமாக நிமிரும், அதனால்தான் காய்ச்சுகிறார்கள். அப்படிக் காய்ந்த இடம் மெத்தென்று ஆகிவிடும், அடுத்த பள்ளத்தில் அதே இடம் மடங்கும்.

சின்ன நெளிவு என்றால் கையாலேயே எடுக்கலாம். ஓரத்தின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி புளியங்கட்டையில் ஒரு துண்டைச் செதுக்கி அண்டை கொடு. மறுபக்கம் கொட்டாப்புளியால் தட்டு. இரும்புச் சுத்தியல் நேராக ரிம்மில் படவே கூடாது. அது இரும்பை நீட்டிவிடும், நீண்ட இரும்பு பழைய இடத்துக்குத் திரும்பாது. நெளிவின் நடுவில் ஆரம்பிக்காதே. அதன் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆரம்பித்து நடுவுக்கு வா. கடைசியாக மடங்கிய இடம் முதலில் நிமிரவேண்டும் என்பது டிங்கரிங் தொழிலின் பழைய சட்டம். நிமிர்த்தினாலும் கொஞ்சம் பின்வாங்கும், ஆகவே ஒரு நூலளவு தாண்டி அழுத்தவேண்டும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி அள. அவசரம் இருக்கிற நாளில் இந்த வேலையைத் தொடாதே.

8. ஒரே இடத்தை இரண்டாம் முறை பெண்டு எடுக்காதே. கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகிறது என்று தெரியும் அல்லவா, அதுதான் இங்கும். நிமிர்த்திய இடத்துக்கு நேராக உள்பக்கம் பெயிண்டால் ஒரு புள்ளியும் தேதியும் எழுதிவை. ஆணியாலோ பஞ்சாலோ குத்தி அடையாளம் வைக்காதே. அந்தக் குத்தலிலிருந்தே கீறல் பிறக்கும்.

9. சொட்டைக்குப் பட்டி பூசி மறைப்பது, மேடாக இருப்பதை லேத்தில் சீவி வட்டமாக்குவது, இரண்டுமே வேண்டாம்.

10. மாற்றுச் சக்கரம் தேடும்போது முதலில் உன் டிக்கியைத் திறந்து பார். ஐந்து சக்கரத்தில் மிகக் குறைவாக ஓடியது ஸ்டெப்னி. வண்டியோடு பிறந்த சக்கரங்களில் நேராக மிச்சமிருப்பது பல வண்டிகளில் அதுதான். நாம் தினமும் சொல்லும் இந்த ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. கார்கள் உபரிச் சக்கரமே இல்லாமல் ஓடிய காலத்தில் அங்கே செய்து விற்ற சக்கரத்தின் பெயர். அந்தத் தெரு இந்தச் சென்னை வரை வந்து ஒட்டிக்கொண்டது எனக்கு எப்போதும் வியப்புதான். டிக்கியில் தண்ணீர் தேங்கி ஸ்டெப்னியின் அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கும், அதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்.

ஸ்டெப்னியும் ஆகாது என்றால், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நடையைக் கட்டு. போகும்போது வெர்னியரும் உன் நல்ல சக்கரம் ஒன்றும் கையில் இருக்கட்டும். 13 அங்குலம், நாலு ஓட்டை என்பதோடு பொருத்தம் முடிந்துவிடாது. ஹெரால்டின் நான்கு ஸ்டட்டும் உட்காரும் வட்டம் 95.25 மில்லிமீட்டர் விட்டம், அதாவது மூன்றே முக்கால் அங்குலம். மாருதி 800க்கும் நாலு ஓட்டைதான். ஆனால் அதன் வட்டம் 114.3, சக்கரமும் 12 அங்குலம். ஃபியட்டின் சக்கரம் 14. ‘ஓட்டையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தருகிறேன்’ என்று எவராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. பக்கத்தில் பக்கத்தில் எட்டு ஓட்டை விழுந்த டிஸ்க் சல்லடைதான். ஓட்டைகள் சரியாக இருந்தாலும், இரண்டு சக்கரத்தையும் தரையில் குப்புறப் போட்டு, மேலே நேர்க்கட்டை வைத்து, கட்டையிலிருந்து டிஸ்க் வரை ஆழம் அள. ஆழம் வேறுபட்டால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நின்று, ஸ்டியரிங் இழுக்கும்.

11. கம்பிச் சக்கரமும் அலாய் சக்கரமும் வேறு வித்தை. பழைய எம்ஜி, ஜாகுவார் வண்டிகளின் கம்பிச் சக்கரத்துக்கு ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுக்கவேண்டும். அந்தக் கை எனக்கு இல்லை, இருப்பவரிடம் அனுப்பிவிடுவேன். அலுமினிய அலாய் சூடேற்றிப் பதப்படுத்தியது, மறுபடி சூடேற்றினால் அந்தப் பதம் போய்விடும். மக்னீசியம் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரையே கொண்டுபோகாதே, அதன் தூள் தீப்பற்றும்.

12. பெயிண்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் குழிவையும் ஹப்பைத் தொடும் முதுகையும் மூடிவிட்டு அடி. பவுடர் கோட்டிங் பளபளப்பாக இருக்கிறது என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். இரும்புச் சக்கரத்துக்கு அது தப்பில்லை. ஆனால் நட்டுக்கு அடியில் தடிமனாகப் படிந்த பூச்சு ஓட ஓட நசுங்கும், நசுங்கினால் நட்டு தானாகத் தளரும். வீல் கப்பைப் பிடிக்கும் மொட்டுகளில் பூச்சு குவியாமலும் பார்த்துக்கொள்.

13. டயர் விஷயத்தில் ஒன்று. அந்தக் காலத்து ரிம் டியூப் டயருக்காகச் செய்தது. இன்றைய ரிம்களில் டயரின் விளிம்பு நழுவாமல் பிடிக்க ஒரு சின்ன மேடு இருக்கும், பழையதில் அது கிடையாது. டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போட்டு, காற்று குறைந்த நிலையில் ஒரு வளைவில் திரும்பினால் டயர் நடுக்குழிக்குள் விழுந்துவிடும். ஆகவே டியூப் போடு. ரேடியலுக்கு என்று செய்த டியூப் கேட்டு வாங்கு, டயருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பிய்த்துவிடு, அவை டியூபை அரிக்கும். பவுடர் தூவ மறக்காதே. ஹெரால்டுக்கு வந்தது 5.20-13 டயர். ஒல்லியான அந்த ரிம்மில் 175 அகல டயரைத் திணித்தால் டயர் உப்பி நிற்கும், வளைவில் வண்டி தள்ளாடும்.

14. ரோட்டுக்கு ஆகாத சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடாதே. சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, டிஸ்கின் முதுகில் ‘ஓட்டக்கூடாது’ என்று பெரிய எழுத்தில் காரணத்தோடும் தேதியோடும் எழுதி மாட்டிவை. போன வருடம் ஒரு பெண் தன் அப்பாவின் ஹெரால்டைக் கொண்டுவந்தாள். அவர் காலமாகி ஆறு மாதம். இடது முன்சக்கரத்தின் டிஸ்கில் கறுப்புக் கோடு எழுந்ததை நான் சொல்லவில்லை, அவளையே உட்காரவைத்துப் பார்க்கவிட்டேன். அப்பா கையால் கழுவிய சக்கரம் அண்ணா, வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது, சுவரில் மாட்டு என்றேன். இப்போது அவள் வீட்டு ஷெட்டில் அந்தச் சக்கரம் தொங்குகிறது. அளவு பார்க்க, பெயிண்ட் நிறம் ஒத்துப்பார்க்க, புதுப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போக மாதிரியாகவும் பயன்படுகிறது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னி இடது முன்பக்கம் போனது. டிக்கிக்குப் புதுப்பேட்டையில் ஒன்று கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று.

15. மாட்டும்போது ஸ்டட்டில் எண்ணெய் வழியவிடாதே. நட்டுகளை எதிரெதிராகக் கையால் முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ஸ்பானரால், உன் வண்டியின் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கு. குழாய் செருகிய ஸ்பானர்மேல் ஏறி நிற்காதே. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, வண்டி ஆறட்டும், வீல் கப்பைக் கழற்றி நான்கு நட்டையும் மறுபடி ஒருமுறை பார்.